காத்திருக்கும் காருக்கு ஒரு தற்காலிக இலக்கம்
பிரித்தானியப் போக்குவரத்து அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

ஐரோப்பாவிலிருந்து பிரித்தானியாவுக்குக் குடிவரும் குடும்பங்கள் தங்களோடு கொண்டுவரும் காரை இங்கே பதிவுசெய்யும் நடைமுறை பற்றி இந்த மடலை எழுதுகிறேன். ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் நீண்ட காலம் வாழ்ந்துவிட்டு, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் உறவினரோடு சேர்ந்திருக்கவும் லண்டனுக்கு வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களில் சிலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். வேலை எங்கே ஓடுகிறது, எங்கே சிக்குகிறது என்பதை அவர்களோடு கூட இருந்து பார்த்திருக்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். வரி விடயம் தீர்ந்து, சோதனைகளிலும் தேறிய ஒரு கார், பதிவு முடியும்வரை வீதியில் ஓடுவதற்குத் தற்காலிகப் பதிவிலக்கம் ஒன்றை வழங்குங்கள்.

2021 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் காரும் இறக்குமதிப் பொருளாகிவிட்டது. கார் வந்து 14 நாட்களுக்குள் ‘நோவா’ முறைமை ஊடாக வருமான, சுங்கத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். குடிபெயர்ந்து வருபவர் தொடர்ந்து 12 மாதங்களாவது பிரித்தானியாவுக்கு வெளியே வாழ்ந்திருந்து, காரையும் 6 மாதங்களாவது வைத்துப் பாவித்திருந்தால், வதிவிட மாற்றச் சலுகை கேட்கலாம். அது கிடைக்காவிட்டால் பெறுமதி சேர் வரி மட்டுமே 20 சதவீதம். அடுத்தது வாகன ஒப்புதல். கார் பத்து வருடத்துக்கு உட்பட்டது என்றால், முன்விளக்கு, பின்பக்கப் பனிவிளக்கு, வேகமானி ஆகியவை இந்நாட்டு வீதிக்கு ஏற்றபடி மாற்றப்பட்டதைக் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டும். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு எம்ஓடி எனப்படும் வருடாந்த வீதித்தகுதிச் சோதனையும் உண்டு. இவையெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் வி 55/5 படிவத்தை நிரப்பி, 55 பவுண் பதிவுக் கட்டணமும் வாகன வரியும் சேர்த்து, வெளிநாட்டுப் பதிவுப் பத்திரத்தின் மூலப்பிரதியோடு சுவான்சியிலுள்ள வாகனப் பதிவு முகவரகத்துக்குத் தபாலில் அனுப்புகிறோம்.

இந்தச் சோதனைகளில் ஒன்றையும் நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வலப்பக்கம் ஓடும் நாட்டுக்காகச் செய்த முன்விளக்கு, ஒளியை வலது ஓரமாக உயர்த்தி அடிக்கும். அங்கே அது வீதியோரத்தைக் காட்டும். இங்கே எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். அதை மாற்றச் சொல்வது உயிர்களைக் காக்கும் விதி. வரி விடயத்தைச் சரிபார்ப்பதும் அரசின் கடமை. எங்கள் மக்கள் இவற்றுக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பதிவும் வாகன வரியும் முடியும்வரை அந்தக் காரைப் பொது வீதியில் ஓட்டக்கூடாது. முன்கூட்டியே நேரம் பதிந்த எம்ஓடி சோதனைக்கோ ஒப்புதல் சோதனைக்கோ கொண்டுபோக மட்டும் விலக்கு உண்டு. பதிவுப் பத்திரம் வந்துசேர ஆறு வாரங்கள் வரை ஆகலாம். முகவரகம் வாகனத்தை நேரில் பார்க்க விரும்பினால் இன்னும் தாமதமாகும். அந்த நாட்களில் ஒரு குறையும் இல்லாத கார் சும்மா நிற்கிறது.

அது எங்கே நிற்பது என்பது அடுத்த கேள்வி. 1994ஆம் ஆண்டின் வாகனத் தீர்வை, பதிவுச் சட்டத்தின்படி, வரி செலுத்தாத வாகனத்தைப் பொது வீதியில் வைத்திருப்பதே குற்றம். வீட்டு முன்றலில் கார் விட இடமுள்ளவர் தப்பித்துக்கொள்வார். ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த ஒரு தாய் முதியோர் பராமரிப்பு வேலை செய்பவர். விடியற்காலையில் ஒரு வீடு, காலையில் இன்னொரு வீடு, பிறகு மூன்றாவது வீடு என்று ஓட வேண்டிய வேலை. அவருடைய கார் ஹரோவில் ஒரு உறவினரின் முன்றலில் படங்கு மூடிக் கிடந்தது. அவரோ இருட்டில் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். காப்புறுதிக்கு முயன்றபோது ஒரு நிறுவனம் பதிவிலக்கம் இல்லாமல் முடியாது என்று கையை விரித்தது. இன்னொன்று செசி இலக்கத்தை வைத்து எடுத்துத் தந்தது. கார் ஓடாத அந்த நாட்களுக்கும் அவர் காப்புறுதிப் பணம் கட்டினார்.

பதிவு முடியும்வரை ஓட்டக்கூடாது என்ற விதிக்குப் பக்கத்தில் இன்னொரு விதியை வைத்துப் பாருங்கள். ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வருபவர், தன் நாட்டில் பதிவும் வரியும் சரியாக இருந்தால், ஜேர்மன் இலக்கத் தகட்டோடு இங்கே மொத்தம் ஆறு மாதங்கள் வரை ஓடலாம். அவருடைய முன்விளக்கை யாரும் மாற்றச் சொல்லி ஒப்புதல் சான்றிதழ் கேட்பதில்லை. அதே ஆள் அதே காரோடு இங்கே குடியிருக்க வந்தால், உடனே பதிவுசெய்ய வேண்டும், அதுவரை ஓடக்கூடாது. விளக்கை மாற்றி, எம்ஓடி எடுத்து, வரிக் கணக்கும் தீர்த்தவர் வீட்டில் இருக்க, ஒன்றும் செய்யாதவர் வீதியில் போகிறார். வீதிப் பாதுகாப்புத்தான் நோக்கம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு என்ன நியாயம்?

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. பிரான்சில், இறுதிப் பதிவுக்குக் காத்திருக்கும் இறக்குமதிக் காருக்கு ‘டபிள்யூ டபிள்யூ’ எனத் தொடங்கும் தற்காலிகப் பதிவு நான்கு மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. ஜேர்மனியில் ஐந்து நாட்களுக்கான குறுகிய காலத் தகடு உண்டு. முடிவுத் திகதி அதன் வலது ஓரத்து மஞ்சள் பட்டையிலேயே இருக்கும். பிரித்தானியாவிலும் பதிவாகாத காரை ஓட்டும் வழி இருக்கத்தான் செய்கிறது. வாகன வியாபாரிகளுக்கு வெள்ளையில் சிவப்பு எழுத்துத் தகடு கொடுக்கிறீர்கள். வியாபாரிக்குக் கொடுக்க முடிந்த நம்பிக்கையை, எல்லாச் சான்றுகளையும் காட்டிவிட்ட ஒரு குடும்பத்துக்கும் கொடுக்கலாம்.

களவுக் கார்களும் வரி ஏய்ப்பும் இதனால் கூடும் என்று உங்கள் அதிகாரிகள் அஞ்சக்கூடும். அந்த அச்சத்துக்கு இடமில்லாமல் நிபந்தனை வைக்கலாம். நோவா அனுமதி, ஒப்புதல் சான்றிதழ், தேவையான இடத்தில் எம்ஓடி, செசி இலக்கத்தின் பேரில் காப்புறுதி, அந்தக் காலத்துக்கான வாகன வரி ஆகிய ஐந்தும் இருந்தால் மட்டுமே தற்காலிக இலக்கம் தரலாம். அதை முகவரகப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் பொலிசாரின் கமரா மற்ற இலக்கங்களைப் போலவே அதையும் அடையாளம் காணும். காலம் முடிந்தால் இலக்கமும் தானாகச் செல்லாமற் போகும்.

அமைச்சர் அவர்களே, படிவத்திலும் ஒரு சின்ன மாற்றம் பெரும் உதவியாகும். ஜேர்மன் பதிவுப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘பி’ (B) என்ற எழுத்தருகே முதற்பதிவுத் திகதி, ‘இ’ அருகே செசி இலக்கம், ‘பி.1’ (P.1) அருகே இயந்திரக் கொள்ளளவு, ‘வி.7’ அருகே கரியமில வாயு அளவு இருக்கும். 1999இல் வந்த ஐரோப்பிய நெறிமுறை வகுத்த குறியீடுகள் இவை. நீங்கள் வழங்கும் பதிவுப் பத்திரத்திலும் அதே குறியீடுகள் இன்றும் இருக்கின்றன. வி 55/5 படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் அந்த எழுத்தை அச்சிட்டுவிட்டால், ஜேர்மன் அறியாத பிள்ளையும் தாய்க்குப் படிவத்தைப் பிழையின்றி நிரப்பிக் கொடுக்கும். பிழை குறைந்தால் திரும்பி வரும் விண்ணப்பமும் குறையும். சுவான்சியில் இருப்பவர்களுக்கும் வேலை இலகுவாகும்.

பதிவு முகவரகம், வாகன ஒப்புதல் முகவரகம், எம்ஓடி நிலையங்களை மேற்பார்க்கும் முகவரகம் ஆகிய மூன்றுமே உங்கள் அமைச்சின் கீழ் வருபவை. வருமானத் திணைக்களம் மட்டும் வேறு அமைச்சுக்கு உரியது. அதன் நோவா அனுமதியைப் பார்த்துத்தான் பதிவு முகவரகம் இப்போதும் நடக்கிறது. ஆகவே இந்த மாற்றத்தைத் தொடங்க நீங்கள் வேறு எவரது வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. தற்காலிகப் பதிவிலக்கம் குறித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு ஓர் ஆலோசனை அறிக்கையை இந்த நாடாளுமன்றக் காலத்திலேயே வெளியிடுங்கள். சாட்சியம் சொல்ல நாங்கள் வருவோம்; எங்கள் படிவங்களையும் கொண்டுவருவோம்.


லண்டனில் வாழும் ஒரு தமிழர்