நாகலூருக்கு வேண்டிய செவிலியர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. உல்லாசப் பிரயாணிகளுக்கு அவை வேடிக்கை. நாகலூர்ப் பக்கத்துக் குக்கிராமத்தில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்கோ, அவை ஒவ்வொன்றும் உயிரைப் பணயம் கேட்கும் சுங்கச்சாவடி. அவள் முதலில் நாகலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைய வேண்டும். அங்கே இயலாதாயின் ஏற்காட்டுக்கும், அதன் பின் அந்த வளைவுகளைக் கடந்து சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். இந்த நீண்ட வழியில், முதல் ஒரு மணி நேரம் அவள் உயிருக்குக் காவல் யார்? நள்ளிரவில் பெரும்பாலும் அந்தக் காவல் ஒரு செவிலியே. அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதும், அவர் கடமையைச் செய்வதற்கு சர்க்கார் என்ன செய்திருக்க வேண்டும் என்பதுமே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

நமது ராஜ்யம் இத்துறையில் பின்தங்கியதென்று யாரும் சொல்ல முடியாது. 2018–20 ஆண்டுகளின் கணக்குப்படி, லட்சம் பிரசவங்களுக்குத் தாய்மார் மரணம் இந்தியா முழுவதிலும் 97, தமிழ்நாட்டில் 54. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து அமர்த்தி, இரவும் பகலும் பிரசவம் பார்க்கச் செய்த ஏற்பாட்டுக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் சராசரி என்பது சமவெளியையும் மலையையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடும் கணக்கு. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அந்தச் சராசரி எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அந்த எண் சொல்லாது.

பிரசவத்தின்பின் உண்டாகும் பெரும் உதிரப்போக்கை எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமான பெண்ணையும் அது இரண்டு மணி நேரத்திற்குள் கொன்றுவிடக்கூடும். சேலம் போய்ச் சேர்வதற்கே அந்த நேரம் போதுமா என்பது வாகனம் கிடைப்பதையும், மழையையும், மூடுபனியையும் பொறுத்தது. ஆகவே சிகிச்சை மலையிலேயே துவங்க வேண்டும். உதிரத்தைக் கண்மதிப்பாகப் பார்ப்பவர் உண்மை அளவைக் குறைத்தே மதிப்பிடுகிறார். அளவுக் கோடிட்ட விரிப்பொன்றில் உதிரத்தைச் சேர்த்து அளந்து, மிகுந்தவுடனே கருப்பையைப் பிசைந்து, மருந்துகளையும் நரம்பு வழித் திரவத்தையும் ஒருசேரக் கொடுத்து, உதிரம் எங்கிருந்து வருகிறதென்றும் பரிசோதிக்கும் முறை, ஆப்பிரிக்காவின் நான்கு தேசங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் சோதிக்கப்பட்டது. கடுமையான உதிரப்போக்கும் அதனால் வரும் கேடுகளும் 60 சதவீதம் குறைந்தன என்று 2023-இல் அதன் முடிவு வெளியாயிற்று. அதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பழகிய கையும், அளக்கும் கண்ணும், தயங்காத மனமுமே வேண்டியிருந்தன.

செவிலியருக்கு இன்றியமையாத தேர்ச்சிகள் யாவை என்று உலக நிபுணர்கள் வகுத்தே வைத்திருக்கின்றனர். 2003-ஆம் வருஷம் அமெரிக்க வைத்திய அறிஞர் சபையொன்று, வைத்தியத் தொழிலில் ஈடுபட்டோர் யாவருக்கும் பொதுவாக ஐந்தினைக் கூறிற்று. 2005 முதல் செவிலியர் கல்விக்கென்றே அவற்றைத் திருத்தியமைத்தவர்கள், நோயாளியின் பாதுகாப்பை ஆறாவதாகத் தனித்து நிறுத்தினர். நாகலூரின் பாஷையில் அவற்றைச் சொல்வோம். மலைப்பெண்ணின் அச்சத்தையும் வழக்கத்தையும் மதித்து, அவள் பேச்சை முதலில் கேட்பது ஒன்று. வைத்தியரோடும், கிராம சுகாதாரச் செவிலியரோடும், 108 வண்டிக்காரரோடும் ஒரே அணியாக உழைப்பது இரண்டு. பழக்கம் என்பதற்காக அல்லாமல், நிரூபிக்கப்பட்டது என்பதற்காக ஒரு முறையைக் கைக்கொள்வது மூன்று. தன் நிலையத்தின் பிழைகளைத் தானே எண்ணித் திருத்துவது நான்கு. கை கழுவுவது முதல் மருந்தின் பெயரையும் அளவையும் இருமுறை சரிபார்ப்பது வரை அபாயத்தைத் தடுப்பது ஐந்து. நோயாளி மலையிறங்கும்போது, என்ன நேர்ந்தது, என்ன கொடுத்தோம், இனி என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி முன்கூட்டியே சேலத்துக்குத் தெரிவிப்பது ஆறு.

செவிலி வைத்தியரின் உத்தரவுப்படி நடந்தால் போதாதா, இத்தனை ஞானம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. உத்தரவிடும் வைத்தியர் பக்கத்தில் இல்லாத வேளையைப் பற்றியே நாம் பேசுகிறோம் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பழந்தமிழ் அகப்பாட்டுகளில் செவிலித்தாய் ஏவல் கேட்கும் பணிப்பெண்ணல்லள். தலைவியின் மேனியில் தோன்றும் வேறுபாட்டைக் கண்டு ஐயுறுபவள் அவளே. அந்தப் பெயரை இத்தொழிலுக்குச் சூட்டிய நாம், கண்டறியும் உரிமையையும் கண்டவுடன் செயற்படும் அதிகாரத்தையும் கொடுக்க ஏன் கூசுகிறோம்?

தேர்ச்சி முழுவதையும் செவிலியர் தலையிலேயே சுமத்திவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொள்வதும் நியாயமன்று. உதிரப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோஸின் மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். காற்றிலும் மழையிலும் மின்சாரம் நின்று குளிர்ப்பெட்டி ஓய்ந்துவிட்டால், எத்தனை தேர்ந்த கையும் வலுவிழந்த மருந்தையே செலுத்தும். ஒருமுறை கற்ற வித்தையும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படாவிட்டால் மழுங்கிப்போகும். நிலையில்லாத வேலையில் நிலையான திறமை வளராது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுக்கப்பட்டது. இரண்டாண்டில் நிரந்தரமாவோம் என்று நம்பியிருந்த அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் உயிரைத் திரணமாக மதித்து உழைத்தவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் 2022 டிசம்பர் கடைசி நாளோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஆபத்தில் கைதொழுவதும், ஆபத்து நீங்கியதும் கைவிடுவதும் பொறுப்புள்ள ஆட்சிக்கு அழகாகுமா?

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1926-இல் சென்னை மாகாணச் சட்டம். 1947-இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம். அதற்குப் பதிலாக 2023-இல் தேசிய கமிஷன் சட்டம். ஆனால் சட்டப் புத்தகம் பிரசவம் பார்ப்பதில்லை. மலைப்பகுதி நிலையங்களில் முறைக்கொரு நிரந்தரச் செவிலியர். மின்சாரம் நின்றாலும் ஓயாத குளிர்ப்பெட்டி. சேலம் ஆஸ்பத்திரியில் ஆண்டுதோறும் கைப்பயிற்சி. உதிரப்போக்கு, ஜன்னி ஆகிய அபாயங்களில் வைத்தியர் வருமுன் சிகிச்சை துவங்க எழுத்து மூலமான அதிகாரம். மலையில் தங்கி உழைப்போருக்கு வீடும் படியும். இவ்வைந்தையும் நாம் கேட்கிறோம். இவை சலுகைகளல்ல, பாதுகாப்பான சிகிச்சையின் விலை.

நமது வாசகர்களில் பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அநேகர். கிராமசபை கூடும் நாளில் சாலையையும் தெருவிளக்கையும் கேட்பதோடு நில்லாமல், இன்றிரவு சுகாதார நிலையத்தில் யார் இருப்பார், அவருக்குக் கடைசியாகப் பயிற்சி கொடுத்தது எப்போது, குளிர்ப்பெட்டி ஓடுகிறதா என்றும் எழுந்து கேளுங்கள். நாகலூரில் கேட்கப்படும் இக்கேள்வி ஏலகிரியிலும் கொல்லிமலையிலும் கல்வராயனிலும் எதிரொலிக்கட்டும். மலைமேலிருக்கும் ஏழைத் தாயின் உயிரும் சமவெளிச் சீமாட்டியின் உயிரும் சர்க்காரின் தராசில் ஒரே நிறையாக நிற்கும் நாளே, சுயராஜ்யம் அந்த இருபது வளைவுகளையும் ஏறி நாகலூரை அடைந்த நாளாகும்.