டைட்டிலைத் தாண்டலாமா?

1955-ஆம் ஆண்டில் ஆட்டோ பிரமிஞ்சரின் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்குச் சென்றபோது, பெயர்கள் ஓடி முடியும்வரை திரைச்சீலையை விலக்காதிருந்த வழக்கத்தைக் கைவிட்டு, முதற்பெயர் தோன்றுமுன்பே அதை விலக்கவேண்டும் என்ற குறிப்பும் படச்சுருளோடு சென்றது. கருந்திரையில் வெண்கோடுகள் ஒவ்வொன்றாக நுழைந்து, இறுதியில் முறுக்கேறிய ஒரு கரமாக உருமாறும் டைட்டில் வடிவமைப்பாளர் ஸால் பாஸின் அந்தத் தொடக்கச் சித்திரம், போதைக்கு அடிமையான நாயகனின் வேதனையை, வசனம் ஒன்றேனும் பிறக்குமுன்பே நம் நெஞ்சில் ஸ்தாபித்துவிடுகிறது. இத்தகைய சிருஷ்டிகளை வீட்டுத் திரையில் ஒரு பொத்தானை அமுக்கித் தாண்டிப்போவதை வசதியென்று நான் ஒப்பமாட்டேன். கதைக்குள் பிரவேசிக்க மனத்துக்கு அவகாசம் வேண்டும் என்பதோடு, ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் ஜனங்களின் கண்முன் தம் பெயரோடு நிற்கும் நியாயமான உரிமையும் அந்தச் சொற்ப நேரத்தில் அடங்கியிருக்கிறது. இணையவழியில் தொடர்களைக் காட்டும் நிறுவனங்கள், முதல் அத்தியாயத்திலேனும் அந்தப் பொத்தானை அகற்றிவிட வேண்டும்.