கரையில் நின்றவள்

சென்ற தை மாதத்தில் நண்பர்கள் ஐவர் சிதம்பரத்தில் கூடிப் பிச்சாவரம் சென்றிருந்தோம். துடுப்புப் படகு. சுரபுன்னை வேர்களுக்கிடையே நீர்வழி குறுகியும் விரிந்தும் சென்றுகொண்டிருந்தது. பேச்சு வழக்கம்போலப் புத்தகங்களைப் பற்றியே. அரைமணி நேரம் கழிந்திருக்கும், நண்பர்களுள் ஒருவர் பேச்சின் நடுவே, பழக்கத்தால், "ஃப்ளாஸ்க் எந்தப் பையில இருக்கு?" என்று கேட்டுவிட்டார். யாரும் விடை சொல்லவில்லை. கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது ஆண்டுகளாக இந்தக் குழு எங்கே சென்றாலும் சுக்குக் காப்பியும் ஒரு டப்பா முறுக்கும் என் வீட்டிலிருந்துதான் வரும். அவற்றைச் செய்து அனுப்பியவள் இறந்து இரண்டாண்டுகள் ஆகின்றன.

ஊர் திரும்பியதும் சீனக் கவிஞர் சு ஷியின் செம்பாறைக் கட்டுரைகள் இரண்டையும் மீண்டும் எடுத்துப் படித்தேன். நண்பர்களோடு படகில் செல்வது பற்றி உலக இலக்கியத்தில் எழுதப்பட்டவற்றுள் மிகப் புகழ்பெற்றவை அவை. முன்பு பலமுறை படித்தவைதாம். ஆனால் இரண்டாவது கட்டுரையில் வரும் ஒரு வாக்கியத்தை இதுவரை நான் படிக்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த வாக்கியத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

சு ஷி (1037–1101) சோங் பேரரசின் அதிகாரி, கவிஞர், ஓவியர். அரசின் புதிய சட்டங்களைக் கவிதைகளில் பழித்தார் என்ற குற்றச்சாட்டில் 1079இல் ஹூஜோவில் கைதானார். நான்கு மாதங்களுக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு, 1080இல் யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஹுவாங்ஜோ என்ற சிற்றூருக்கு நாடு கடத்தப்பட்டவராக வந்து சேர்ந்தார். பெயரளவில் ஒரு பதவி இருந்தது; போதிய வருமானம் இல்லை. அடுத்த ஆண்டு ஊருக்குக் கிழக்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சரிவு நிலம் கிடைத்தது. அதை உழுது பயிரிட்டார். கிழக்குச் சரிவு என்று பொருள்படும் தோங்போ என்ற புனைபெயர் அந்த நிலத்திலிருந்து வந்ததே.

1082ஆம் ஆண்டின் ஏழாம் மாதம் பதினாறாம் நாள் இரவு, நண்பர்களோடு செம்பாறையின் அடியில் படகு விட்டார். அது முதல் கட்டுரை. நிலவொளியில் ஒருவர் குழல் வாசிக்கிறார். இசையில் துயரம் மிகுகிறது. ஏன் இந்தத் துயரம் என்று கேட்கும்போது, அக்காலத்தில் இந்த ஆற்றில் கப்பற்படையோடு வந்த சாவ் சாவ் இன்று எங்கே என்று நண்பர் வினவுகிறார். ஆற்றையும் நிலவையும் காட்டி, மாறுவதையும் மாறாததையும் பற்றிச் சு ஷி விடை சொல்கிறார். தத்துவம் நிறைந்த கட்டுரை. 208ஆம் ஆண்டின் போர் நடந்த செம்பாறை அதுவன்று, பெயரொத்த வேறிடம் என்பது இன்று எல்லோரும் அறிந்தது. கட்டுரைக்கு அதனால் குறையேதுமில்லை.

மூன்று மாதம் கழித்து, பத்தாம் மாதம் பதினைந்தாம் நாள். இரண்டாவது கட்டுரை இங்கே தொடங்குகிறது. தம் பனிக்கூடத்திலிருந்து வீடு நோக்கி இரு நண்பர்களோடு நடந்து வருகிறார். இலைகள் உதிர்ந்துவிட்டன, நிலத்தில் நிழல் விழுகிறது, நிமிர்ந்தால் முழுநிலவு. நண்பர்கள் இருக்கிறார்கள், மது இல்லை. மது கிடைத்தாலும் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்று வருந்துகிறார். மாலையில் வலையில் ஒரு மீன் அகப்பட்டது என்கிறார் ஒரு நண்பர். ஆயின் மதுவுக்கு என்ன செய்வது? சு ஷி வீட்டிற்குப் போய் மனைவியிடம் கேட்கிறார். அவள் சொல்கிறாள்: ஒரு குடம் மது நெடுநாளாகச் சேமித்து வைத்திருக்கிறேன், நீங்கள் திடீரென்று வந்து கேட்பீர்கள் என்று. அந்த மதுவையும் மீனையும் எடுத்துக்கொண்டு மூவரும் மறுபடியும் செம்பாறைக்குச் செல்கிறார்கள்.

அதன்பின் நிகழ்வனவே எல்லோராலும் பேசப்படுபவை. சு ஷி தனியே பாறைமீது ஏறுவது, நண்பர்களால் தொடர இயலாமற்போவது, உச்சியில் அவரைப் பற்றும் அச்சம், நள்ளிரவில் படகின்மேல் பறந்து செல்லும் ஒற்றை நாரை, கனவில் அந்த நாரையே துறவியாக வந்து செம்பாறை உலா இனிதாக இருந்ததா என்று கேட்பது. உரையாசிரியர்கள் நாரைக்குப் பொருள் சொல்லியே பக்கங்களை நிரப்பியிருக்கிறார்கள். மதுக்குடத்தைக் கதையை நகர்த்தும் ஓர் உத்தி என்று கடந்துபோகிறார்கள். நானும் அப்படித்தான் கடந்துபோயிருந்தேன்.

யார் அந்த மனைவி? கட்டுரையில் பெயர் இல்லை. வரலாற்றில் இருக்கிறது: வாங் ருன்ஜீ. சு ஷியின் இரண்டாம் மனைவி. முதல் மனைவி வாங் ஃபூவுக்குச் சித்தப்பா, பெரியப்பா வழித் தங்கை முறை. வாங் ஃபூ 1054இல் 16 வயதில் மணமாகி, 1065இல் 27 வயதில் தலைநகரில் இறந்தாள். அவளுக்குச் சு ஷி எழுதிய கல்லறைக் குறிப்பு அருமையானது. தனக்குப் படிக்கத் தெரியும் என்பதை அவள் முதலில் சொல்லவில்லை. கணவன் மறந்ததை அவள் எடுத்துக்கொடுத்தபோதுதான் தெரிந்தது. விருந்தினர் பேசும்போது திரைக்குப் பின்னே நின்று கேட்டுவிட்டு, இன்னாரை நம்பலாம், இன்னாரை நம்பவேண்டாம் என்று பின்னர் சொல்வாள். இவையெல்லாம் அதில் உள்ளன. 1075ஆம் ஆண்டின் முதல் மாதம் இருபதாம் நாள் இரவில் அவளைக் கனவில் கண்டு எழுதிய பாட்டு, மனைவியை இழந்தோர் பாடிய சீனப் பாடல்களின் உச்சம் என்று ஆயிரம் ஆண்டுகளாகப் போற்றப்படுகிறது. பத்தாண்டுப் பிரிவு, ஆயிரம் கல் தொலைவில் தனித்த கல்லறை, கனவில் சன்னலோரம் தலைவாரிக்கொண்டிருக்கும் அவள், பேச்சின்றி வழியும் கண்ணீர். அந்தப் பாட்டின் பெருமையைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கனவைக் கண்ட இரவில் ருன்ஜீயை மணந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. தமக்கையின் மகனையும் தன் பிள்ளைகளையும் வேறுபாடின்றி வளர்த்துக்கொண்டு அதே குடும்பத்தில் அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள். இறந்தவளுக்கு மகத்தான பாட்டு, இருப்பவளுக்கு என்ன? இது சு ஷியிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியன்று. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பான் யுவே இறந்த மனைவிக்காக மூன்று கவிதைகள் எழுதினார். இறந்தோரை எண்ணி வருந்துதல் என்ற அவற்றின் தலைப்பே, பின்னாளில் மனைவியை எண்ணி வருந்துதல் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. யுவான் ஜென் 809இல் மனைவி வெய் சோங்கை இழந்தார். அவர் மது கேட்டு நச்சரித்தபோது கூந்தலிலிருந்த பொன் ஊசியை எடுத்துக்கொடுத்தாள் என்பதும், இப்போது ஊதியம் பெருகிவிட்டது, படையல்தான் செய்ய முடிகிறது என்பதும் அவர் பாட்டில் வருகின்றன. நம்மிடமும் தபுதாரநிலை என்று தொல்காப்பியம் துறை வகுத்திருக்கிறது. புறநானூற்றின் 245ஆம் பாட்டு, சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி பெருங்கோப்பெண்டு இறந்தபோது பாடியது. மனைவி கணவனின் ஏட்டில் நுழைவதற்கு மரணமே வாயில் என்று ஆகிவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. காதலியைப் பற்றி உயிரோடிருக்கும்போதே பாடலாம். உடனிருந்து குடும்பம் நடத்துபவளைப் பற்றி அவள் போன பிறகுதான்.

இந்த மரபின் நடுவே அந்த மதுக்குட வாக்கியத்தை வைத்துப் பார்க்க வேண்டும். யுவான் ஜென்னின் பொன் ஊசியும் ருன்ஜீயின் மதுக்குடமும் ஒரே செயல்தான். ஆனால் ஊசி எழுத்தில் ஏறியபோது கொடுத்தவள் இல்லை. குடம் எழுத்தில் ஏறியபோது கொடுத்தவள் பக்கத்து அறையில் இருந்தாள். எழுதியதை அவளே கேட்டிருக்கவும் கூடும். கண்ணீரால் கனமேற்றப்படாமல், அவள் பேசிய பேச்சாகவே, நடந்தவுடன் எழுதப்பட்ட வாக்கியம் அது. கனவுப் பாட்டைவிட அந்த ஒரு வாக்கியத்தை உயர்ந்த காதல் எழுத்தாக நான் கருதுகிறேன். மிகையென்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். மனைவி அந்த வாக்கியத்தில் என்ன செய்கிறாள்? ஆண்களின் களிப்புக்கு மது எடுத்துக்கொடுக்கிறாள். படகில் அவளுக்கு இடமில்லை. பெயரும் இல்லை. நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, சியாவ் ஜோங்சாங் வரைந்த பழம்பெரும் ஓவியச் சுருளில் இந்தக் காட்சி இருக்கிறது: மீனும் மதுவுமாகச் சு ஷி புறப்பட, மனைவி வாயிலில் நிற்கிறாள். சுருளை மேலும் விரித்துக்கொண்டே போனால் பாறை, ஆறு, படகு, நாரை எல்லாம் வரும், அவள் வரமாட்டாள். இதையா காதல் எழுத்து என்கிறாய் என்று கேட்டால், மறுப்பின் பெரும்பகுதியை நான் ஏற்கவே செய்வேன்.

ஏற்காத சிறுபகுதி இது. அவளை வெறும் சேவகியாக அந்த வாக்கியம் காட்டவில்லை. கணவன் கேட்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே, அவன் ஒருநாள் கேட்பான் என்று கணித்து, பஞ்சம் பிடித்த வீட்டில் ஒரு குடத்தை மறைத்து வைத்த அறிவு அது. அதே ஹுவாங்ஜோவில் அவர்களின் எருது நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, மாட்டு வைத்தியனுக்குத் தெரியாத நோயை இவள் கண்டுகொண்டு, மாசிபத்திரி இனப் பச்சிலையில் கஞ்சி காய்ச்சிப் புகட்டச் சொன்னாள், எருது பிழைத்தது. சு ஷியே இதை ஒரு நண்பருக்குக் கடிதத்தில் பெருமையோடு எழுதுகிறார். ஹூஜோவில் காவலர் அவரை இழுத்துச் சென்ற நாளில் வாயிலில் அழுதுகொண்டு நின்றவளைப் பார்த்து, பழங்கதையில் ஒரு புலவனின் மனைவி கேலிப் பாட்டுப் பாடி வழியனுப்பியதுபோல நீயும் ஒன்று பாடக்கூடாதா என்று கேட்டார். அழுகையினூடே அவள் சிரித்துவிட்டாள். அதையும் எழுதி வைத்திருக்கிறார். குடும்பம் பின்தொடர்ந்த படகை அதிகாரிகள் சூழ்ந்து சோதனையிட்டுச் சென்றபின், எழுதி எழுதி என்ன கண்டார், எங்களை இப்படி நடுங்க வைத்ததுதான் மிச்சம் என்று வீட்டுப் பெண்கள் சினந்து அவர் எழுத்துகளைத் தீயிலிட்டார்கள். பத்தில் ஏழெட்டுப் பங்கு போயிற்று. இதையும் மறைக்கவில்லை. அஞ்சியவளாக, சினந்தவளாக, சிரித்தவளாக, வைத்தியம் அறிந்தவளாக ஒரு பெண் கணவனின் எழுத்துகளில் சிதறிக் கிடக்கிறாள். உயிரோடிருந்தபோது எழுதப்பட்டதால்தான் அவளுக்குச் சினமும் சிரிப்பும் இருக்கின்றன. இரங்கற்பாக்களில் வரும் மனைவியர் சினப்பதில்லை.

ருன்ஜீ 1093இல் தலைநகரில் இறந்தாள். இருபத்தைந்து ஆண்டு இல்லறம். அவளுக்கான படையல் உரையில், மூன்று பிள்ளைகளையும் ஒன்றாகப் பாவித்ததைப் போற்றிவிட்டு, இனி ஒரே குழியில் புதைக்கப்படுவது ஒன்றே எஞ்சியிருக்கிறது என்று சு ஷி வாக்களித்தார். அடுத்த ஆண்டே மீண்டும் நாடு கடத்தப்பட்டு ஹுய்ஜோவுக்கும், பின்னர் ஹைனான் தீவுக்கும் சென்றார். 1101இல் திரும்பும் வழியில் சாங்ஜோவில் இறந்தார். மறுவருடம் ஹெனானின் ஜியாசெங்கில் இருவரையும் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். வாக்கு நிறைவேறியது. அவர் அவளுக்குக் கனவுப் பாட்டைப் போல ஒன்று எழுதவில்லையே என்று வருந்துவோர் உண்டு. அதற்கான தேவை குறைவாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பிச்சாவரத்திலிருந்து திரும்பிய வாரத்தில், எங்கள் கூட்டங்களைப் பற்றி நான் எழுதிய குறிப்புகளைத் தேடி எடுத்தேன். சிற்றிதழ்களில் வந்தவை, கையெழுத்தில் உள்ளவை என்று பதினான்கு கிடைத்தன. பாதிக்கு மேற்பட்டவை என் வீட்டு முன்கூடத்தில் நடந்தவை. கட்டுரை வாசித்தவர், மறுத்தவர், இடையில் எழுந்து போனவர், மின்விசிறி ஓடாமல் போனது எல்லாம் பதிவாகியிருக்கின்றன. இரவு பத்து மணிக்கு முன்னறிவிப்பின்றி நால்வர் வந்தாலும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஒருமுறை அவளைக் கேட்டேன். "திடீர்னு யாராவது வந்தா வேணுமேன்னு ஒரு டப்பா தனியா எடுத்து வச்சிருப்பேன், உங்களுக்குத் தெரியாது" என்றாள். சு ஷியின் மனைவி சொன்னதேதான் இது. அவர் அன்றே எழுதினார். நான் எழுதவில்லை. பதினான்கு குறிப்புகளிலும் அவள் ஓரிடத்தில்கூட இல்லை.

ஆகவே நான் குறை சொல்லும் வரிசையிலேயே இந்தக் கட்டுரையும் சேர்கிறது. நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த கூட்டத்தின் குறிப்பை எழுதுபவர் யாராயினும், அன்று அடுக்களையில் நின்றவர் யார், அவர் என்ன சொன்னார் என்பதையும் பெயரோடு ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அதை அவரிடம் படித்தும் காட்டுங்கள்.