தோட்டக்காரன் மகனும் பாதாளப் பதுமையும்

மந்திரப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்ததுமே, "பாமர மக்களின் பொழுதுபோக்கில் ஏன் கை வைக்கிறீர்கள்?" என்று சீறியெழும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. மக்களின் பெயரால் இவர்கள் காப்பது மக்களையல்ல, படமுதலாளியின் பணப்பெட்டியையே.

1951இல் வெளிவந்த 'பாதாள பைரவி'யை எடுத்துக்கொள்வோம். தோட்டக்காரன் மகன் உஜ்ஜயினி அரசகுமாரியைக் காதலிக்கிறான். தனக்கு நிகரான செல்வத்தோடு வரும்படி அரசன் பணிக்கிறான். எத்தகைய கேள்விக்கு இங்கே வாசல் திறந்தது! அரசனின் களஞ்சியம் எவர் வியர்வையால் நிரம்பியது என்பதை, அரண்மனைப் பூங்காவுக்குத் தண்ணீர் இறைத்த வீட்டுப் பிள்ளையைவிட நன்கறிந்தவர் யார்? படமோ அவ்வாசலை அடைத்துவிடுகிறது. பாதாளத்திலிருந்து ஒரு பதுமை வருகிறது. கேட்டதும் மாளிகை எழுகிறது. அவன் ஒருவன் மட்டும் செல்வனாகிறான். ஏனைய தோட்டக்காரர்கள் மறுநாளும் தண்ணீர் இறைக்க வேண்டியவர்களே. கமெரா அவர்கள் பக்கம் திரும்புவதில்லை.

அப்படம் வந்து இரண்டாண்டுகளில், 1953இல், இலங்கையில் பங்கீட்டரிசி கொத்து ஒன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவரைத் துறக்க வைத்தது எந்தப் பதுமையின் வரமுமன்று.

இதனால் மந்திரக் கற்பனை முழுவதுமே நஞ்சு என்று கூறும் வறட்டுப் பகுத்தறிவு எமக்கு உடன்பாடன்று. 1957இல் வந்த 'மாயா பஜா'ரில், கௌரவர் கூட்டத்துக்கென ஆக்கிவைத்த கல்யாண விருந்தைக் கடோற்கசன் ஒருவனே விழுங்கித் தீர்க்கிறானே, அப்போது கலரியில் எழும் சிரிப்பு, செருக்குற்ற பெரியவர்கள் ஏமாறுவதைக் கண்டு எளியவர் சிரிக்கும் சிரிப்பு. கிராமத்துக் கதைசொல்லியிடமிருந்து வந்த சொத்து அது. (நானும் இருமுறை சிரித்தேன்.) அப்படத்தின் புகழ்பெற்ற நிலவொளியோ மார்க்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளர் விளக்குகளால் உண்டாக்கியது. அந்த விளக்குகளைச் சுமந்து ஏற்றி இறக்கிய கூலிகளின் பெயரை எந்த ரசிகரும் அறியார். உண்மையான மாயம் அங்கேதான் நிகழ்ந்தது.

நாம் கண்டிப்பது வேறொன்றை. 1995இல் தெலுங்கில் வெளிவந்து, 'அம்மன்' என்ற பெயரில் தமிழ் பேசிய படத்தில், புகுந்த வீட்டாரால் வதைக்கப்படும் பெண்ணைக் காக்கத் தெய்வமே வேலைக்காரச் சிறுமியாக வருகிறது. பில்லிசூனியம் மெய்யென்றே அங்கு காட்டப்படுகிறது. அயலார் தட்டிக் கேட்பதையோ, சட்டம் துணைக்கு வருவதையோ, அப்பெண்ணே எழுந்து நின்று மறுப்பதையோ கதை நம்பவில்லை. அடிபடும் பெண் விளக்கேற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும்!

என் வகுப்பு மாணவி ஒருத்தி பத்து நாட்களாய் வரவில்லை. தேடிப் போனேன். காய்ச்சலில் கிடந்தாள், கையில் மந்திரித்த நூல். "செய்வினை, மாஸ்டர். படத்திலயும் இப்பிடித்தானே காட்டினவை" என்றார் தாய். வைத்தியசாலையில் அதற்கு நெருப்புக் காய்ச்சல் என்று பெயர் சொன்னார்கள். பிள்ளை பிழைத்தாள்; தலைமயிர் உதிர்ந்து, ஒரு தவணைப் படிப்பை இழந்து திரும்பி வந்தாள். வெறும் பொழுதுபோக்கு என்று வாதாடும் நண்பர்களை அந்த வீட்டுத் திண்ணைக்கு ஒருநாள் அழைத்துச் செல்ல நான் ஆயத்தமாயிருக்கிறேன்.