கணினி வரைந்த வீடும் மேசன் பிடித்த கயிறும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இக்காலத்தில் அவ்விரண்டுக்கும் முன்னால் இன்னுமொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டைக் கணினியில் வரைந்தும் பார்! அதிலும் தொல்லைகளுக்குக் குறைவில்லை என்பதைத் திருகோணமலைக் கப்பல்துறையிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் நமக்கு உணர்த்தியது.

"மகள் மடிக்கணினியில் வீட்டுப்படம் வரைந்திருக்கிறாள். பார்க்க மிகவும் அழகாயிருக்கிறது. ஆனால் மேசன் வந்து கயிறு பிடித்துப் பார்த்தபோது ஓர் அறையேனும் படத்தின்படி வரவில்லை. பிழை மென்பொருளிலா, மேசனிலா? அத்திவாரம் வெட்ட நாளும் குறித்தாயிற்று" என்பது அவர் கடிதத்தின் சாரம். நாள் குறித்தாயிற்று என்ற சொல் நம்மை வீட்டில் இருக்க விடவில்லை. மறு வாரமே கப்பல்துறைக்குப் புறப்பட்டோம்.

வளவு 20 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடியாதலால் மொத்தம் 5,445 சதுர அடி. ஒரு சிறு குடும்பத்துக்குத் தாராளமான நிலம். இருப்பினும், இவர்கள் வீடு கட்ட நினைத்ததற்குத் தனியான காரணமொன்று இருந்தது. அம்மையாரின் தந்தையார் பாரிசவாதத்தினால் நடக்கவியலாதவராகிச் சக்கர நாற்காலியிலேயே நாட்களைக் கழிப்பவர். இப்பொழுது இருக்கும் வாடகை வீட்டில், கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை அவரை இருவர் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. "தண்ணீர் குடிக்கவும் பயமாக இருக்கிறது, ஐயா. குடித்தால் பிறகு ஆளைக் கூப்பிட வேண்டுமே" என்று பெரியவர் நம்மிடம் கூறியபோது மறுமொழி சொல்லத் தெரியாமல் நின்றோம். யாரையும் கூப்பிடாமல் அவர் தாமே சென்று வரத்தக்க ஓர் அறை வேண்டும் என்பதே அவ்வீட்டின் முதற் குறிக்கோள்.

பேத்தி அதை நன்றாகவே கணக்கிட்டிருந்தாள். கட்டிலுக்கு 3½ அடி, அலுமாரிக்கு 1½ அடி, நாற்காலி முழுவட்டமாகத் திரும்புவதற்கு 5 அடி. ஆக அறையின் அகலம் 10 அடி. படத்திலும் 10 அடி என்றே இருந்தது. மேசன் பிடித்த கயிற்றிலோ உள்ளகலம் 9 அடி 5 அங்குலம்!

இந்த 7 அங்குலக் குறை எங்கிருந்து வந்தது? அன்று மாலை அப்பெண்ணுடன் கணினியின் முன் அமர்ந்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். அவள் உபயோகித்தது ஸ்வீட் ஹோம் திரீ டி என்னும் இலவச மென்பொருள். எமானுவேல் புய்பரே என்ற பிரெஞ்சுக்காரர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. அன்று நாம் கண்ட குறைகள் வேறு மென்பொருள்களிலும் பெரும்பாலும் உள்ளவையே. ஆதலால் வீடு வரைய எண்ணும் வாசகர் அனைவருக்கும் பயன்படும் எனக் கருதி அவற்றை ஈண்டுத் தருகிறோம்.

சுவர் விழுங்கிய அங்குலங்கள்

இம்மென்பொருளில் சுவரை வரையும்போது நாம் இழுக்கும் கோடு சுவரின் நடுக்கோடாகும். ஒரு நடுக்கோட்டிலிருந்து மறு நடுக்கோடு வரை 10 அடி என்றால், அறையின் உள்ளகலம் 10 அடியாக இராது. 6 அங்குலக் கல்லால் சுவர் கட்டி, இருபுறமும் அரை அங்குலம் சாந்து பூசினால் தடிப்பு 7 அங்குலம். ஒவ்வொரு சுவரும் தன் பாதியை அறைக்குள் நீட்டுவதால் 7 அங்குலம் குறைந்து, எஞ்சுவது 9 அடி 5 அங்குலம். மேசன் கண்டதும் அதுவே. பிழை அவரிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை.

பரிகாரம் எளிது. முதலில் சுவரின் உண்மையான தடிப்பைக் கொடுத்துவிட வேண்டும். மென்பொருள் தானாக வைத்திருக்கும் தடிப்பு நம் நாட்டுக் கல்லுக்குப் பொருந்துமென்று எண்ணிவிடலாகாது. பின்பு அளவுக்கோடு வரையும் கருவியால், ஒரு சுவரின் உள்முகத்திலிருந்து மறுசுவரின் உள்முகம் வரை அளந்து பார்க்க வேண்டும். 10 அடி உள்ளகலம் வேண்டுமெனில் நடுக்கோடுகளுக்கிடையே 10 அடி 7 அங்குலம் விட வேண்டும்.

புள்ளி செய்த புரளி

நம்மவர் 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று எழுதிவிடுவது வழக்கம். மேசனுக்கு அது விளங்கும். கணினிக்கோ அது பத்தடியும் பத்தில் ஒரு பங்கும். அதாவது 10 அடி 1 அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஒரு புள்ளியினால் ஏறக்குறைய 9 அங்குலம் மறைந்துவிடுகிறது! விறாந்தையின் நீளம் குறைந்ததற்குக் காரணம் இதுவே.

அடியைச் சென்ரிமீற்றராக்கும்போது 30 என்று கொள்வதும் இத்தகையதே. சரியான கணக்கு 30.48. முப்பதடிச் சுவரில் இச்சிறு பின்னம் 14.4 சென்ரிமீற்றராக, அதாவது 5½ அங்குலத்துக்கு மேலாக வளர்ந்துவிடும். ஆகவே வரையத் தொடங்குமுன் விருப்பத்தேர்வுகள் என்னும் பகுதிக்குச் சென்று ஓர் அலகைத் தெரிவு செய்து, இறுதிவரை அதிலேயே நிற்பது நன்று.

நில அளவையாளரின் படத்தைக் கைப்பேசியில் பிடித்து அதன்மேல் வரைபவர்களும் கவனிக்க வேண்டும். சாய்வாகப் பிடித்த படம் சாய்ந்த வளவையே தரும். நேராக நகலெடுத்த படத்தை ஏற்றி, நீளம் தெரிந்த எல்லையொன்றின்மேல் கோடிட்டு, "இது இத்தனை அடி" என்று மென்பொருளுக்குச் சொன்ன பின்னரே மேலே செல்ல வேண்டும்.

மூடாத மூலையும் திறக்காத கதவும்

"அறைக்குள் இருமுறை சொடுக்கினால் தரை தானாக வர வேண்டும். குசினியில் மட்டும் வரவில்லை" என்றாள் அப்பெண். சுவர்களை அருகே இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு மூலையில் இரு சுவர்களும் ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளியுடன் நின்றன. வேலியில் பொட்டு இருந்தால் ஆடு புகுவதுபோல, மூலையில் இடைவெளி இருந்தால் மென்பொருள் அதனை அறையென்று ஏற்காது. ஒரு சுவரின் முனையை இழுத்து மற்றதன் முனையில் பொருத்தியதும் தரை வந்துவிட்டது.

கதவு விஷயம் இதனினும் முக்கியமானது. மென்பொருளில் கதவின் அகலம் என்பது நிலையையும் சேர்த்த அகலம். பெரியவரின் மலசலகூடத்துக்கு 2½ அடிக் கதவு வைத்திருந்தார்கள். நிலைமரம் பக்கத்துக்கு மூன்று அங்குலமாக ஆறு அங்குலத்தை எடுத்துக்கொண்டால் வழி 24 அங்குலம். அவருடைய நாற்காலியை அளந்தோம், 26 அங்குலம். வீட்டைக் கட்டி முடித்து, வர்ணம் பூசி, பால் காய்ச்சிய பின்னர் இவ்வுண்மை தெரிந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்னவாகியிருக்கும்! நிலையோடு 3½ அடி என்று மாற்றினோம். கதவு உள்ளே திறந்தால் நாற்காலிக்கு இடையூறு என்பதால், வெளிப்புறமாகத் திறக்கும்படி திருப்பியும் வைத்தோம்.

தளபாடங்களிலும் இவ்வாறே. பட்டியலில் உள்ள கட்டிலும் மேசையும் அந்நிய நாட்டு அளவுகளில் இருக்கும். நம் வீட்டுக் கட்டிலை அளந்து அந்த அளவைக் கொடுத்தாலன்றி, படத்தில் உள்ள இடவசதி பொய்யாகிவிடும்.

இருண்ட காட்சியும் இடம்மாறிய சூரியனும்

முப்பரிமாணக் காட்சி முற்றாக இருண்டுபோனால் பலர் மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். அவசரம் வேண்டாம். "உள்ளே நடந்து பார்க்கும்" காட்சியில் நாம் நிறுத்திய மனிதர் சுவருக்குள் அகப்பட்டுக்கொண்டிருக்கலாம். மேலிருந்து பார்க்கும் காட்சிக்கு மாறினால் தெளிவாகும். அப்படியும் வெறுமையாயிருந்தால், கணினியின் வரைகலைக்குரிய இயக்கியைப் புதுப்பித்தல் வேண்டும். பழைய கணினிகளில் அனேகமாக இதுவே காரணம். படமெடுக்கும்போது கணினி திணறி நின்றுவிட்டால், படத்தின் அளவையும் தரத்தையும் குறைத்து மீண்டும் முயலலாம்.

அப்பெண்ணின் படத்தில் நண்பகல் வெயில் எல்லா மாதமும் தெற்கிலிருந்தே விழுந்தது. ஐரோப்பாவில் அது சரி. திருகோணமலையோ வட அகலாங்கு 8½ பாகையில் இருப்பது. இங்கே ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் வடக்குப் பக்கமாகவே நிற்கும். வரைபடத்தில் உள்ள திசைகாட்டியை இருமுறை சொடுக்கி, ஊரையும் வடதிசையையும் சரியாகக் கொடுத்ததும் நிழல்கள் இடம் மாறின. வடக்கு யன்னலுக்கும் மேலே மறைப்பு வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் வெயிலைக் காட்டும் கணினி, காற்றைக் காட்டாது. வைகாசி பிறந்த பின்னர் மேற்கிலிருந்து அனலாக வீசும் கச்சானையும், மாரிகாலத்தில் வடகிழக்கிலிருந்து சாரலோடு வரும் வாடையையும் அது அறியாது. 1964 டிசெம்பரில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளியையும் அது அறியாது. கூரையை எவ்வாறு இறுக்குவது, மழைத்தண்ணீர் எப்பக்கம் ஓடும், மண் எத்தகையது என்பவற்றைக் கட்டடம் தெரிந்தவரிடமும், அயலில் நெடுநாள் வாழ்ந்தவரிடமுந்தான் கேட்க வேண்டும். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிக்குத் தகுதியுள்ளவர் வரைந்து ஒப்பமிட்ட படமே வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

காணாமற்போன வீடு

இன்னுமொரு துயரத்தையும் அப்பெண் சொன்னாள். முதன்முதல் வரைந்த வீடு மின்சாரம் நின்றபோது அழிந்துவிட்டதாம். நம் நாட்டில் இது புதிதல்லவே! 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதாக அமைச்சரே கூறக் கேட்டோம். ஆதலால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் வசதியை விருப்பத்தேர்வுகளில் இயக்கிவைத்தல் அவசியம். அன்றாடம் வேலை முடிந்ததும் திகதியிட்டு வேறொரு பெயரில் ஒரு பிரதி சேமித்து, அதை மின்னஞ்சலிலும் அனுப்பி வைத்தல் நன்று. படமாக மட்டும் சேமித்தால் பின்னர் திருத்த முடியாது, மூலக்கோப்பே வேண்டும்.

அச்சிடும்போதும் ஓர் எச்சரிக்கை. "தாளுக்குப் பொருந்தும்படி" என்று விட்டால் அளவுத்திட்டம் கெட்டுவிடும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் அச்சிட்டு, அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். முப்பதடிச் சுவர் தாளில் 9.14 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். இல்லையெனில் அத்தாளை மேசனிடம் கொடுக்க வேண்டாம்.

கயிற்றின் சாட்சி

2012ஆம் ஆண்டு முதல் இந்திய உதவியுடன் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நடைபெற்ற வீடமைப்புத் திட்டத்தில், வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பெற்ற குடும்பங்கள் தாமே நின்று தம் வீடுகளைக் கட்டுவித்தன. அவர்களுட் பெரும்பாலோரிடம் கணினி இருந்திராது. ஆயினும் கயிறும் ஆப்பும் இருந்தன. கணினி வந்துவிட்டதென்பதற்காகக் கயிற்றைக் கைவிடலாமா? நம் துறைமுகத்துள் நுழையும் கப்பலின் மாலுமி, கையில் எத்துணை நல்ல வரைபடம் இருந்தாலும் ஆழத்தைப் பார்த்தபின்னரே கப்பலைச் செலுத்துகிறான்.

மறுநாட் காலை திருத்திய படத்துடன் வளவுக்குச் சென்றோம். மேசன் ஐயா புதிய அளவின்படி ஆப்பறைந்து, சுவர்களின் உள்முகத்துக்குக் கயிறு பிடித்து, நிலத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டார். கட்டில் வரும் இடத்தில் ஒரு பாயும், அலுமாரி வரும் இடத்தில் கல்லடுக்கும் வைக்கப்பட்டன. பிறகு பெரியவரை நாற்காலியோடு கோட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள்.

மண் இறுகிய நிலமாதலால் சக்கரம் உருண்டது. பெரியவர் மெல்லத் தம் கைகளால் சக்கரத்தைத் தள்ளி ஒருமுறை முழுவட்டம் திரும்பினார். எதிலும் முட்டவில்லை. கதவு என்று குறித்த இடைவெளியால் வெளியே வந்தார், மீண்டும் உள்ளே போனார், மறுபடியும் வந்தார். யாரும் அவரைத் தள்ளவில்லை.

"பிள்ளை, இனி வெட்டலாம்" என்றார் மேசன் ஐயா.

பேத்தி மடிக்கணினியை மூடிவிட்டு, தாத்தாவுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை முழுவதும் குடித்தார்.