வைஃபையைத் தேட வைஃபை வேண்டும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எல்லாம் கழிந்த பிறகுதான் திரியாய் வரும். நாற்பது கிலோமீற்றருக்கும் மேலே. கணினி பழுதென்றால் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டிய தூரம். இப்படிப்பட்ட ஊரில், பழைய மடிக்கணினி ஒன்றில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுப் பார்க்கும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒழுங்காக முடிகிறது. திரை பளிச்சென்று வருகிறது, பாட்டுக் கேட்கிறது, தமிழ் எழுத்துகூடச் சரியாகத் தெரிகிறது. மூலையில் இருக்க வேண்டிய வைஃபை அடையாளத்தை மட்டும் காணோம். கைபேசியில் தேடினால் பதில் வருகிறது: டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி நிறுவவும்.

தண்ணீர் அள்ள வாளி வேண்டும். வாளி கிணற்றுக்குள் கிடக்கிறது.

இது கணினிப் பித்தர்கள் சிலரின் தலையிடி என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 ஒக்டோபர் 14 அன்று மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். 2017க்கு முந்திய மடிக்கணினிகள் பெரும்பாலும் இந்த வாசலிலேயே நின்றுவிடும், எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும். புதிதாக வாங்கலாம்தான். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 350 ரூபாய்க்கு மேலே போன நாட்டில், அது வாயால் சொல்லத்தான் சுலபம். 1985 வன்செயலில் எரிந்து, இடம்பெயர்ந்து, பின் மீளக்குடியேறிய ஊர் திரியாய். இப்படியான ஊர்களில் வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பழைய மடிக்கணினிதான் பிள்ளைகளின் முதற் கணினி. அதற்கு லினக்ஸ் நல்ல மறுவாழ்வு. வைஃபை வேலை செய்தால்.

குற்றவாளி யார்? வழக்கமாக லினக்ஸைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். வெறும் வட்டில் விண்டோஸ் 11ஐ நிறுவுபவர்களுக்கும் இதே கதி நேர்கிறது என்பது அப்போது மறந்துபோகும். இணையத்தோடு இணைந்தால்தான் அடுத்த படி என்று அது அடம்பிடிக்கும். அந்தக் கணினியின் வைஃபை டிரைவர் அதன் கையில் இல்லாவிட்டால் நிறுவல் அங்கேயே நிற்கும். கடையில் வாங்கும்போது இந்தத் தொல்லை தெரிவதில்லை. தயாரிப்பாளர் டிரைவரை முன்கூட்டியே உள்ளே வைத்துத் தந்திருப்பார், அவ்வளவுதான்.

வைஃபைச் சில்லு தன்பாட்டில் ஓடாது. அதோடு பேச டிரைவர் வேண்டும். பெரும்பாலான சில்லுகளுக்கு, ஒவ்வொரு முறை கணினி எழும்பும்போதும் உள்ளே ஏற்ற வேண்டிய ஃபேர்ம்வெயர் என்ற கோப்பும் வேண்டும். இரண்டும் எப்படி எழுதப்பட்டன என்பதைப் பல நிறுவனங்கள் நெடுங்காலம் வெளியே விடவில்லை. பிராட்கொம் சில்லுக்காக 2006இல் லினக்ஸுக்குள் வந்த டிரைவர், நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் பிரித்துப் படித்துத் தன்னார்வலர்கள் எழுதியது. ஃபேர்ம்வெயரைப் பகிர அனுமதி இல்லாததால், அதை நிறுவனத்தின் கோப்பிலிருந்து வெட்டியெடுக்கவே தனியாக ஒரு கருவி செய்தார்கள். 2010 செப்டெம்பரில்தான் பிராட்கொம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. திரியாய் மலைப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்த எழுத்தை வாசித்துவிட்டார்கள். மேசையில் கிடந்த சில்லின் மொழிக்குத்தான் இத்தனை பாடு.

பூட்டு எல்லாமே நிறுவனங்கள் போட்டவை என்றும் சொல்ல முடியாது. மூலநிரல் இல்லாத ஃபேர்ம்வெயர் கட்டற்ற மென்பொருள் ஆகாது என்ற கொள்கையால் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு அதை நிறுவல் வட்டில் பல ஆண்டுகள் சேர்க்கவில்லை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 ஃபேர்ம்வெயரோடே வந்தது. கொள்கைக்காரர்களின் மனத்தாங்கல் நியாயமானதுதான். ஆனாலும் அந்த வாக்கு சரியான பக்கம் விழுந்தது. இணையமே கிடைக்காதவளுக்குச் சுதந்திரத்தின் இலக்கணத்தை வைத்து என்ன செய்வது?

சரி, யூ.எஸ்.பி. அடெப்டர் ஒன்று வாங்கிச் செருகினால் போயிற்று என்பார்கள். அங்கேதான் வேடிக்கை. டி.பி.-லிங்க் நிறுவனத்தின் 722 என் என்ற அடெப்டரின் முதற் பதிப்புக்குள் ஏதெரோஸ் சில்லு இருந்தது. லினக்ஸில் செருகியதும் ஓடும் என்று பேர்போனது. இரண்டாம் பதிப்பில் உள்ளே ரியல்டெக் சில்லு. அதே பெயர், கிட்டத்தட்ட அதே பெட்டி; பழைய புகழை நம்பி வாங்கியவர்கள் இரவிரவாக டிரைவர் தேடினார்கள். இன்னும் சில மலிவு அடெப்டர்களைச் செருகினால் திரையில் ஒரு சீ.டி. படம் எழும்பும். திறந்து பார்த்தால் விண்டோஸுக்கான டிரைவர் கோப்பு ஒன்று. விண்டோஸ்காரர் அதை நிறுவினால் சீ.டி. வேடம் கலைந்து வைஃபை வெளியே வரும். லினக்ஸில் அந்த வேடத்தைக் கலைக்க வேறொரு சிறு மென்பொருள் தேவை. அது தெரியாதவர் தான் வாங்கியது வைஃபையா சீ.டி.யா என்றே குழம்பிப்போவார்.

நிலைமை முன்னேறியிருக்கிறது. 2023இல் வந்த, லினக்ஸின் கருவான கேர்னலின் 6.2 பதிப்பு, ரியல்டெக்கின் பல யூ.எஸ்.பி. சில்லுகளைத் தானாகவே அடையாளம் காணும். மீடியாடெக்கின் 7612 யூ போன்ற சில்லுகளுக்கு அதற்கும் முன்பே இடம் கிடைத்துவிட்டது. ஆகவே முதல் அறிவுரை, பழைய வட்டைத் தூக்கிப்போட்டுப் புதிய பதிப்பைப் போடுவது. அதற்கும் முன்னால், விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையை ஒருமுறை அமத்திப் பார்க்கலாம். டிரைவர் தேடிக் களைத்தவர்களில் சிலருக்கு நோய் அங்கேதான் இருந்திருக்கிறது.

மாணவியின் கையில் மருந்தும் இருக்கிறது. அன்ட்ரொய்ட் கைபேசியைச் சார்ஜ் வயரால் மடிக்கணினியில் இணைத்து, அமைப்புகளில் யூ.எஸ்.பி. டெதரிங்கைத் தட்டினால், பெரும்பாலும் அடுத்த நொடியே கணினிக்கு இணையம் வந்துவிடும். தனி டிரைவர் வேண்டியதில்லை. போன் பக்கத்து வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே வயர் வழியாகக் கடத்தும். இல்லாவிட்டால் ரீலோட் காசு கரையும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கையால் கட்டி நிறுவிய டிரைவர், கேர்னல் புதுப்பித்த மறுநாள் காலையில் காணாமற் போகக்கூடும். வயரை எறிந்துவிட வேண்டாம்.

ஆனால் இந்தச் சுமை முழுவதையும் மாணவியின் தலையில் வைப்பது நியாயமில்லை. கேரளத்தில் அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் அரசுப் பாடசாலைகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்தது. ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாக டிரைவர் தேடி அலைந்திருந்தால் அத்தனை பாடசாலைகளில் அது நிலைத்திருக்காது. இங்கே பாடசாலைக்குக் கணினி வாங்குபவர்கள் விலைமனுக் கோரும்போதே உள்ளே என்ன சில்லு, லினக்ஸில் ஓடுகிறதா என்று எழுத்தில் கேட்கலாம். அடெப்டர் விற்பவரும் சில்லின் பெயரைப் பெட்டியில் அச்சிடலாம். பிஸ்கட் பக்கெட்டில் மா எவ்வளவு, சீனி எவ்வளவு என்று போடவில்லையா?

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து மடிக்கணினி அனுப்பும் மாமாவுக்கு இன்னும் சின்ன வேலைதான். பொதி கட்டும் முன் லினக்ஸ் உள்ள பென் டிரைவைச் செருகி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே கணினியை எழுப்பி, மூலையில் வைஃபை அடையாளம் வருகிறதா என்று பார்த்தால் போதும். பத்து நிமிடம். வராவிட்டால் ஓடக்கூடிய அடெப்டர் ஒன்றை வாங்கிச் சொக்லேட்டுகளுக்கு நடுவே செருகி, அந்த பென் டிரைவையும் கூடவே போட்டுவிடலாம்.