ஒரு விரல் கார்டும் ஓசிச் சோறும்
சொன்னா அடிக்க வருவீங்க, பரவாயில்லை. இங்கே அலிப்பூரில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் கீபோர்டில் ஒரு விரல் வைத்தால் முழு கார்டும் வந்து விழுகிறது. இதுவா இசைப் பயிற்சி?

1968-ல் வெண்டி கார்லோஸ் பாஹ் இசையை வாசித்த மூக் சிந்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான். ஒவ்வொன்றாகப் பதிந்து அடுக்கினார். 1969-ல் அகமதாபாத் என்.ஐ.டி.க்கும் ஒரு மூக் வந்தது.

1970-ன் மினிமூகில் மூன்று ஆசிலேட்டர்கள். ஸ, அந்தர காந்தாரம், ப என்று சுருதி சேர்த்தால் ஒரே கட்டையில் மேஜர் கார்டு. மைனர் வேணும்னா காந்தாரத்தைக் கையாலேயே இறக்கணும். அந்தச் சிரமத்தில்தாங்க காது திறக்கும்.

தவணையில் கீபோர்டு வாங்கும் பெற்றோர்களே, அந்த ஆட்டோ கார்டை முதலில் அணையுங்கள். மூன்று சுரத்தையும் பிள்ளை தனித்தனியாகப் பாடட்டும்.